வெறுந்தேநீரும் நம் உடல்நலமும்

விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் வீடுகளில் முதலில் எரிவது தேநீர் அடுப்பேயாம். நாம் நாள்தோறும் அருந்தும் இப்பானத்தைப் பற்றி மாணவச் செல்வங்களும் பெற்றோரும் சிறிது அறிந்திருத்தல் நலம்.

பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் இலைகளே. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்தால் இலை கறுத்து மணம் பெறுகின்றது. பின்னர் அதனை உலர்த்துவர். நம் நாட்டில் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் என்பார் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றும் புகழுடன் விளங்குகின்றது. அம்மலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியோருள் நம்மவரும் இருந்தனர்.

பாலும் சீனியும் சேராத தேநீரையே வெறுந்தேநீர் என்கிறோம். இதில் உடலைப் பருக்கச் செய்யும் சத்து ஏறக்குறைய இல்லை. சோர்வை நீக்கும் காப்பீன் உண்டு. எனினும் அது காப்பியில் உள்ளதில் பாதியளவே. பிரிட்டனில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவின்படி, நாளொன்றுக்கு இரண்டு குவளைக்கு மேல் தேநீர் அருந்தியோரிடையே இறப்பு விகிதம் சற்றுக் குறைந்திருந்தது. இதற்குத் தேநீர் ஒன்றே காரணமென்று அடித்துக் கூற இயலாது. தேநீர் மருந்தன்று.

நம்மிடையே கேடு விளைப்பது தேயிலையன்று, அதில் கொட்டும் சீனியே. குவளைக்கு மூன்று கரண்டி வீதம் நான்கு குவளை குடித்தால் பன்னிரண்டு கரண்டியாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த அளவின்படி, ஒருவர் நாள் முழுதும் உண்ணும் சீனியே ஏறக்குறைய அவ்வளவைத் தாண்டலாகாது. டின்பாலிலும் பாதிக்கு மேல் சர்க்கரையே. (இந்நாளில் பல டின்களில் இருப்பது பசும்பாலன்று, செம்பனை எண்ணெய் கலந்த கிரீமரே! நாம் வெட்டும் குலை நம் குவளைக்கே திரும்புகின்றது.) 2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசியப் பெரியோருள் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்பட்டோருக்கு இனிப்புநீர் இருப்பது கண்டறியப்பட்டது.

மற்றொன்றும் உண்டு. தேநீரின் துவர்ப்புச் சத்து, கீரை, பருப்பு முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கின்றது. முருங்கைக்கீரைச் சோற்றை உண்டு உடனே தேநீர் அருந்தினால் கீரையின் பயன் பெருமளவு வீணாகும். ஆதலின் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது செல்லட்டும். கருவுற்ற தாய்மார் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தேநீருடன் விழுங்குதல் கூடவே கூடாது. இரத்தச் சோகையுள்ள பிள்ளைகளுக்குப் பசியாறும் வேளையில் ரொட்டியும் தேநீரும் மட்டும் தந்தனுப்புவதை நாம் சிறிதும் ஏற்பதற்கில்லை. ஒரு முட்டையும் நீருமே மேல்.

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் உணவுக் குழாய்க்குத் தீங்கு; சற்று ஆறவிடுக. சீனியை ஒரேயடியாய் நிறுத்த இயலாதார் வாரத்திற்கு அரைக் கரண்டி குறைத்து வரின் நாக்கு தானே பழகிவிடும். கடையிலோ, "தே ஓ கோசோங்" என்று கேட்டாலே போதும், சீனியின்றித் தருவர்.