நெடுநேரக் கார்ப் பந்தயம்: ஓட்டலும் ஒப்படைத்தலும்

துறைமுக நகரில் வாழ்வோருக்கு இரவெல்லாம் ஓடும் ஊர்திகளின் ஒலி புதிதன்று. மில்லர்புரத்தில் நள்ளிரவில் விழித்திருந்து படிக்கும் மாணவனின் செவியில் தொலைவில் செல்லும் லாரியின் இரைச்சல் விழாமல் இராது. அவ்வொலிக்குப் பின்னே உறங்காத இரு கண்கள் உள்ளன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இரவும் பகலும் ஊர்தி ஓட்டுவதையே விளையாட்டாக்கி, அதற்குக் கடுமையான விதிகளையும் வகுத்திருக்கின்றனர் மேலைநாட்டார். அதுவே நெடுநேரக் கார்ப் பந்தயம். அதன் இயல்பை விளக்குவதும், அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பந்தயத்தின் இயல்பு

கார்ப் பந்தயம் என்றவுடன் ஒற்றை இருக்கையும் திறந்த சக்கரங்களும் கொண்ட ஃபார்முலா கார்களே பலர் நினைவுக்கு வரும். 2005ஆம் ஆண்டு நரேன் கார்த்திகேயன் முதல் இந்தியராக ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கியபோது தமிழகம் மகிழ்ந்தது. அத்தகைய பந்தயம் இரண்டு மணி நேர அளவில் முடிந்துவிடும். ஒரு காருக்கு ஓட்டுநர் ஒருவரே.

டூரிங் கார்ப் பந்தயம் வேறு வகையினது. மக்கள் கடையில் வாங்கி ஓட்டும் காரின் தோற்றத்தையும் அடிப்படை அமைப்பையும் கொண்டு, உள்ளே இரும்புக் கூண்டு பொருத்திப் பந்தயத்திற்கென ஆயத்தம் செய்யப்படுவதே டூரிங் கார். இத்தகைய கார்கள் நெடுநேரம் ஓடும் பந்தயங்கள் இரு வகைப்படும். ஒன்று, தொலைவை வரையறுப்பது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில் 6.213 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதையை 161 முறை சுற்றி 1,000 கிலோமீட்டரைக் கடத்தல் வேண்டும். மற்றொன்று, காலத்தை வரையறுப்பது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 1970 முதல் நடைபெற்றுவரும் பந்தயம் 24 மணி நேரம் நீடிக்கும். குறித்த காலத்திற்குள் மிகுதியான சுற்றுகளை முடித்தவரே இங்கு வெற்றியாளர்.

ஆகவே, விரைவு மட்டும் போதாது. எரிபொருள் தீரும், டயர் தேயும், பிரேக் கட்டைகள் கரையும். இவற்றைச் சீர்செய்ய நிற்கும் ஒவ்வொரு நொடியும் கணக்கில் சேரும். விரைவான கார்களும் மெதுவான கார்களும் ஒரே பாதையில், இருளிலும் கலந்தே ஓடும். ஆயினும், இவை அனைத்தினும் விரைவில் தேய்வது ஒன்று உண்டு. அது மனிதனின் விழிப்பு.

கைமாறும் பொறுப்பு

அதனால்தான் ஒரு காரைப் பலர் மாறி மாறி ஓட்டுகின்றனர். கார் நின்றதும் ஒருவர் இறங்குகிறார், அடுத்தவர் ஏறுகிறார், இறங்கியவரே சில வேளைகளில் அவருக்கு வார்ப்பட்டைகளை மாட்டிவிடுகிறார்.

இம்முறை நம் கடற்கரைக்குப் புதிதா? இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், மூழ்குவதற்குரிய ஒரு கல்லை இரு குளியாட்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஒருவர் கடலடியில் சிப்பி அள்ளுகையில் மற்றவர் தோணியில் மூச்சு வாங்குவார். கயிறு பிடிப்பவர் மேலே விழிப்போடு இருப்பார். மூச்சுக்கு அளவு உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அளவை ஏற்பதை இழிவாகக் கருதவில்லை.

ஒப்படைக்க மறுத்தவர்

பிரான்சின் லெ மான் நகரில் 1923 முதல் 24 மணி நேரப் பந்தயம் நடைபெற்று வருகிறது. 1952இல் பியர் லெவே என்பவர் தம் துணை ஓட்டுநருக்கு இடம் தராமல் தாமே தொடர்ந்து ஓட்டினார். பல சுற்றுகள் முன்னணியில் இருந்தார். முடிவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே எஞ்சியிருந்தபோது இயந்திரம் முறிந்தது. வெற்றி மெர்சிடிஸ் அணிக்குச் சென்றது. களைப்பினால் கியரைத் தவறாக மாற்றினார் என்பர் சிலர். இயந்திரத்தின் குறையைத் தாம் ஒருவரே அறிந்திருந்ததால்தான் பிறரிடம் தரவில்லை என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், இரண்டாமவர் காத்திருந்தே பொழுதைக் கழித்தார்.

தனியாக ஓட்டியவர்கள் வென்றதே இல்லையா எனக் கேட்கலாம். வென்றதுண்டு. பாதர்ஸ்ட் பந்தயம் 500 மைலாக இருந்தபோது 1970, 1971இல் ஆலன் மொஃபட்டும் 1972இல் பீட்டர் பிராக்கும் தனியாகவே ஓட்டி வாகை சூடினர். ஆயினும், 1973இல் தொலைவு 1,000 கிலோமீட்டராக உயர்ந்தபோது இரு ஓட்டுநர் கட்டாயமாயினர். லெ மானிலும் ஒருவர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணிக்கு மேலும், மொத்தத்தில் 14 மணிக்கு மேலும் ஓட்டலாகாது என விதி செய்தனர். அப்பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். 2012இல் அவரும் இரு தோழர்களும் ஒரே காரை மாறி மாறி ஓட்டி ஆறாம் இடம் பெற்றனர்.

விலகி நின்றவர்

2025 சனவரியில் துபாயில் நிகழ்ந்த 24 மணி நேரப் பந்தயத்தைத் தமிழர் பலர் ஆவலோடு கவனித்தனர். டூரிங் கார்களும் ஜி.டி. கார்களும் ஒருங்கே ஓடும் பந்தயம் அது. விபத்து நேர்ந்தால் எல்லாக் கார்களும் 60 கிலோமீட்டர் வேகத்திற்குள் அடங்கவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நடிகர் அஜித் குமார் தம் பெயரிலேயே அணி அமைத்துச் சென்றிருந்தார். பயிற்சியின்போது அவர் கார் தடுப்பில் மோதி நொறுங்கியது. அவர் உயிர் தப்பினார். நெடுநேரப் பந்தயத்தின் கடுமையை எண்ணி, அணியின் அந்தக் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து விலகினார். வேறொரு காரில் ஜி.டி.4 பிரிவில் மட்டும் பங்கேற்றார். அவர் விட்டுக்கொடுத்த காரை ஏனையோர் ஓட்டித் தம் பிரிவில் மூன்றாம் இடத்தை ஈட்டினர். உரிமையாளரே இறங்கி நின்றதால் அணி தளரவில்லை என்பது கண்கூடு.

நாம் கொள்ளத்தக்கது

பந்தயக்காரனுக்கு இறங்க வேண்டிய வேளையை விதி சொல்கிறது. ஏறுவதற்கு ஒருவர் காத்திருக்கிறார். நெடுஞ்சாலையில் சரக்கேற்றி ஓடும் ஓட்டுநருக்கு என்ன உண்டு? அவருக்கும் விதி இல்லாமற் போகவில்லை. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேர உழைப்புக்குப்பின் அரைமணி ஓய்வு என 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. ஆனால் மாற்று ஓட்டுநர் இல்லாத வண்டியில் அவ்விதி ஏட்டோடு நின்றுவிடுகிறது. விடியுமுன் சரக்கு சேரவேண்டும் என்ற நெருக்கடியில் கண் அயர்வதற்கு ஒரு நொடி போதும். அதன் பின் ஒரு குடும்பம் மட்டுமன்று, எதிரே வரும் குடும்பமும் கலங்கும்.

இம்மாவட்டத்து மாணவருள் நாளை ஊர்திகளுக்கு உரிமையாளராவோரும் வணிகம் நடத்துவோரும் பலர் இருப்பர். அவர்கள் ஒரு வண்டியை அனுப்புமுன் டயரையும் டீசலையும் பார்ப்பது போலவே, ஓட்டுபவர் எப்போது உறங்கினார் என்றும் ஒரு சொல் கேட்பார்களாக. கேட்பதோடு நில்லாமல், இரண்டாவது ஆளுக்கும் அவ்வண்டியில் இடம் தருவார்களாக.