மூன்று நாள் மாத்திரை

தொண்டை வலி, லேசான காய்ச்சல் என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னால், பல ஊர்களில் இன்றும் சீட்டு கேட்காமலே ஒரு சிறிய அட்டையை எடுத்து நீட்டுகிறார்கள். அசித்ரோமைசின் 500, நாளுக்கு ஒன்று, மூன்று நாள். நாலாம் நாள் வலி குறைந்துவிடுகிறது. மாத்திரைதான் குணமாக்கியது என்று நம்பி, அடுத்த முறை அதையே பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறோம். மாத்திரை போடாமலிருந்தாலும் அந்த வலி பெரும்பாலும் அதே வேகத்தில் போயிருக்கும்.

தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் சேர்ந்து வந்தால் அது வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்து, பாரசிட்டமால் போட்டு, ஓய்வெடுத்தால் போதும். பாக்டீரியாவில் முக்கியமானது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். குழந்தைகளின் தொண்டை வலியில் நூற்றுக்கு 20 முதல் 30, பெரியவர்களில் 5 முதல் 15 இதனால் வருபவை. இருமல் இல்லாத காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் நெறி கட்டி வலி என்றால் மருத்துவர் இதைச் சந்தேகிப்பார். இதை அப்படியே விட்டுவிடக் கூடாது. கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போகிறது.

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குரிய மருந்து பழைய பென்சிலின், அல்லது அமாக்சிசிலின். வாய்வழி என்றால் வழக்கமாக 10 நாள். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ல் தன் நோபல் உரையில், தொண்டை வலிக்குத் தானாகவே பென்சிலின் வாங்கி அரைகுறையாகப் போட்டுக்கொள்ளும் ஒரு கற்பனை மனிதரைச் சொல்லித்தான் எச்சரித்தார். அவருடைய கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அது மனைவிக்குத் தொற்றும், அந்த மனைவி நிமோனியாவில் இறந்துபோவார். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பென்சிலினுக்கு இன்றுவரை பழகவில்லை என்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் அசித்ரோமைசின் வகைக்குப் பல நாடுகளில் பழகிக்கொண்டது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாற்றாக வைத்திருந்த மருந்து அது. அவர்களுக்கு உண்மையான தேவை வரும்போது கைவிடும் நிலைக்கு அதைக் கொண்டுவந்துவிட்டோம்.

பெல்ஜியத்தில் நோய் எதுவும் இல்லாத 224 பேரைப் பிரித்து, சிலருக்கு அசித்ரோமைசின், சிலருக்கு அதே வகையின் இன்னொரு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களின் தொண்டையில் மருந்துக்கு மசியாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் சில நாட்களிலேயே பெருகின. ஆறு மாதம் கழித்தும் அவை அடங்கிவிடவில்லை. அசித்ரோமைசின் உடலில் நெடுநாள் தங்கும். கொல்லும் அளவுக்குக் கீழே இறங்கிய பிறகும் கிருமிகளுக்கு நடுவில் இருந்துகொண்டே இருக்கும். பழகாதவை பின்தங்க, பழகியவை இடம் பிடிக்கின்றன. தொண்டையின் இந்தக் கிருமிகளிடமிருந்து நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸுக்கும் மரபணுக்கள் கைமாறுகின்றன. வீட்டில் இருமும் தாத்தாவுக்கோ கைக்குழந்தைக்கோ அந்த நிமோனியா வந்தால், முதலில் கொடுக்கும் மருந்து கேட்காமல் போகலாம். 2019-ல் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் நுரையீரல் தொற்றுகளின் சுமையே அதிகம்.

இது திரும்பாத பாதை அல்ல. பின்லாந்தில் 1992-ல் ஏ பிரிவு கிருமிகளில் 16.5 சதவீதம், அசித்ரோமைசின் வகையைச் சேர்ந்த எரித்ரோமைசினுக்கு மசியவில்லை. அந்த வகை மருந்தைத் தேவையில்லாமல் எழுத வேண்டாம் என்று நாடு முழுக்க அறிவுறுத்தி, பயன்பாடு குறைந்ததும், 1996-ல் அது 8.6 சதவீதமாக இறங்கியது.

நம் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. ஷெட்யூல் எச் என்ற பட்டியலில் உள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் போன்றவை எச்1 பட்டியலில் உள்ளன. எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. சீட்டு கேட்கிற கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள், அவர்தான் ஒழுங்காக நடக்கிறார். பேட்ச் எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள். சீட்டு கேட்காமலே ஆன்டிபயாடிக் விற்கும் கடை பற்றி மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். கேரளத்தில் 2024-ல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில் கடைகளில் திடீர்ச் சோதனைகள் நடந்தன. நம் மாநிலத்திலும் அதைக் கேட்டு வலியுறுத்த வேண்டும்.

மருத்துவரிடம், “டாக்டர், இது வைரஸா, பாக்டீரியாவா? ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவைதானா?” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, என்ன நோய், ஏன் இந்த மருந்து என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடும் நியூமோகாக்கஸ் தடுப்பூசி அரசு மையங்களில் இலவசம். அது நோயைத் தடுக்கும், ஆன்டிபயாடிக் தேவையையும் குறைக்கும்.

எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ காத்திருக்க வேண்டாம். 2 முதல் 12 மாதக் குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது 40-ஐத் தொட்டாலும், நெஞ்சு உள்வாங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.