கடை இல்லாத பத்து வாரங்கள்

வியாபாரிக்கு லீவு கிடையாது என்று நம்மவர்கள் சொல்வதில் ஒரு பெருமை இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தருக்கு லீவு உண்டு. வெளிநாட்டில் தொழில் செய்பவருக்கும் ஊர் வந்துபோக ஒரு மாதம் உண்டு. கடைக்காரனுக்கு மட்டும் பெருநாளும் மையித்தும்தான் லீவு. ஆனாலும் ஒரு கடையை மூடி அடுத்ததைத் திறப்பதற்கிடையில் ஒரு காலம் பலருக்கும் என்றைக்காவது வரத்தான் செய்கிறது. அந்தக் காலத்தைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத நினைத்தேன்.

எனக்கு அது 2023இல் வந்தது. புறக்கோட்டையில் குறுக்குத் தெரு ஒன்றில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக வாடகைக் கடையில் தையல் சாமான் விற்று வந்தேன். பட்டன், சிப், லேஸ், நூல், லைனிங் துணி எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் போகும். கட்டடம் கைமாறியது. நோன்பு மாத வியாபாரம் முடியும்வரை தவணை கேட்டேன், கிடைத்தது. ஏப்ரல் 22ஆம் திகதி பெருநாள். அதற்கு மறுவாரம் சாவியைக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய சரக்கை முகத்துவாரத்தில் என் வீட்டு முன்னறையில் அடுக்கிவிட்டேன்.

உடனே ஓர் இடம் காட்டினார்கள். அதே புறக்கோட்டை, இரண்டாம் மாடி. கேட்ட முற்பணம் என் கையிலிருந்த முதலில் பாதிக்கு மேல். "புறக்கோட்டையை விட்டால் வியாபாரி இல்லை, யோசிக்காமல் போடுங்க நானா" என்றார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துப் பதில் சொல்வதாகச் சொன்னேன். ஏறக்குறைய பத்து வாரம் கையில் இருந்தது.

அந்தப் பத்து வாரமும் நான் செய்தது ஊர் சுற்றியதுதான். வெளியூருக்குப் போகவில்லை, கொழும்பைச் சுற்றினேன். முகத்துவாரத்தில் பஸ் ஏறி அளுத்மாவத்தை, கொச்சிக்கடை வழியாகப் புறக்கோட்டையில் இறங்கி, பொழுதுபட்டால் அதே வழியில் திரும்புகிறவனுக்கு இந்த நகரம் பஸ் ஜன்னல் அளவுதான். எனவே ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் ஜும்ஆவை வேறொரு பள்ளிவாசலில் தொழுவது, அந்த வாரம் அந்தப் பகுதியிலேயே கால்நடையாகத் திரிவது. கையில் ஒரு சிறு கொப்பி. விற்பதற்கும் ஒன்றுமில்லை, வாங்குவதற்கும் ஒன்றுமில்லை.

முதல் வாரம் வீட்டுப் பக்கத்திலேயே. ஆறு கடலில் சேரும் வாய்தான் முகத்துவாரம். வெள்ளைக்காரர் வாயில் அதுதான் மட்வல் ஆயிற்று. களனி கங்கையின் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு காக்கைதீவுக் கடற்கரையில் ஒரு காலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆற்றோரமாகக் கிராண்ட்பாஸ் வரை. அந்தப் பெயரே போர்த்துக்கேயர் காலத்துத் தோணித்துறையிலிருந்து வந்தது. 1822இல் படகுகளை வரிசையாகக் கட்டி அங்கே ஒரு பாலம் போட்டார்கள். 1895இல் விக்டோரியா பாலம் வந்தபின் படகுப் பாலம் போய்விட்டது. ஆற்று வழியாகத் தட்டைப் படகுகளில் சரக்கு இறங்கிய இடத்தில்தான் வியாபாரம் குடியிருந்தது. சரக்கு இறங்கும் இடம் மாறினால் வியாபாரமும் எழுந்து போகும்.

அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். மெனிங் சந்தை 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேலியகொடைக்குப் போனது. மீன் சந்தை அதற்கும் முன்னரே போய்விட்டது. மெனிங் சந்தை இருந்த பக்கத்தில் ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்த நாட்டாமை ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "முதலாளி, மரக்கறி லொறி வந்த காலத்தில இந்த ரோட்டில நிக்க இடமிருக்காது. இப்ப லொறியும் இல்ல, எங்களுக்குப் பாரமும் இல்ல" என்றார். அவர் பாரத்தைப் பற்றிச் சொன்னார், எனக்கு வேறொன்று பட்டது. மரக்கறி கொண்டுவந்த வெளியூர்க்காரன் வெறுங்கையோடு திரும்புவதில்லை. மனைவிக்கு ஒரு சாரி, பிள்ளைக்கு ஒரு சப்பாத்து, ஊர்த் தையல்காரர் சொல்லிவிட்ட ஒரு பெட்டி நூல் என்று வாங்கிக்கொண்டுதான் லொறியில் ஏறுவான். இப்போது அவன் பேலியகொடையில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறான்.

புறக்கோட்டை செத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில் இருக்கிறது. செட்டியார் தெருவில் நகை, பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான், முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான், நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் கிழங்கும், சற்றுத் தள்ளிப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம். சென்னைக்குத் துணி எடுக்கப் போனவர்களுக்குக் கோடவுன் தெரு தெரியும், அங்கும் இதே கதைதான். ஒரே சரக்கு விற்பவர்கள் ஒரே தெருவில் இருப்பதால் வாங்குபவன் விலை விசாரிக்க அலைய வேண்டியதில்லை. நம்மிடம் இல்லாத சரக்கை அடுத்த கடையில் எடுத்துக் கொடுத்து வாடிக்கையாளரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எவன் செக் திரும்பியது என்ற செய்தியும் மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இந்த மூன்றும் மொத்த வியாபாரிக்குப் பெரிய பலம். ஆனால் இதற்குத் தெருவில், நிலத்தளத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் மாடியில் இருப்பவனுக்குத் தெருவின் வாடகை உண்டு, தெரு இல்லை.

ஜும்ஆ ஒழுங்குக்கு வருகிறேன். சம்மாங்கோட்டுப் பள்ளி என்ற சிவப்புப் பள்ளியில் வியாபாரியாக எத்தனையோ தடவை அவசரமாகத் தொழுதிருக்கிறேன். ஆறுதலாக நிமிர்ந்து பார்த்தது அந்த மே மாதத்தில்தான். 1908இல் தொடங்கி 1909இல் முடித்த கட்டடம், சைபு லெப்பை என்பவர் வரைந்தது. புறக்கோட்டையில் வியாபாரம் செய்த இந்திய முஸ்லிம்கள் தங்கள் தொழுகைக்காகக் கட்டியது. அடுத்த வாரம் கொம்பனித்தெருவில் வேகந்தைப் பள்ளிவாசல். 1786ஆம் ஆண்டுக்குப் போகும் சரித்திரம் அதற்கு, மலே சகோதரர்களின் பள்ளி. வெளியே வந்தால் சுற்றிவர வானளாவும் மாடிகள். தொழுகை முடிந்து வாசலில் அரை மணித்தியாலம் நின்றால் அந்தப் பகுதியின் வியாபார நிலவரம் காசில்லாமல் காதில் விழும். செருப்பு வரிசையைப் பார்த்தால் வாங்கும் சக்தியும் தெரியும் என்பேன், சிரிக்காதீர்கள்.

நூதனசாலைக்கும் போனேன். பாடசாலைக் காலத்துக்குப் பிறகு முதல் தடவை. 1877 ஜனவரி முதலாம் திகதி ஆளுநர் கிரகரி திறந்துவைத்த அந்தக் கட்டடத்தைக் கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் நம்மவரான வாப்பிச்சி மரிக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நெடுங்காலம் வெள்ளியில் அது மூடியே இருந்தது. பின்னர் 1892இல் ஸாஹிரா உருவானபோதும் முன்னின்றவர்களில் அவர் ஒருவர். கொழும்பின் கல்லில் நம் வியாபாரிகளின் கை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நாள் ஒதுக்கலாம்.

நடுவில் ஒன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. 2023 ஜூன் முதல் வாரத்தில் 300க்குக் கீழே இறங்கியது. ஏறிய விலையில் எடுத்து அடுக்கிய சரக்கு றாக்கையிலேயே நஷ்டமாகியதைப் பார்த்து நண்பர்கள் புலம்பினார்கள். கடையில்லாதவன் அந்த வாரங்களில் நிம்மதியாகத் தூங்கினான், அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் மாதம் வெள்ளவத்தை. கோட்டையில் கரையோர ரயிலில் ஏறினால் கடலைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கலாம், பஸ் நெரிசல் இல்லை. மகளுக்குக் கலியாணச் சட்டை தைக்க வேண்டியிருந்தது, மனைவியும் மகளும் கூட வந்தார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று என் சொந்தச் சரக்கை நான் வாங்கியது அன்றைக்குத்தான். லைனிங் துணியின் நிறத்தை டியூப் லைட்டில் நம்பாமல் மகள் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மாடிக் கடையில் அந்த வெயில் ஏது?

தைக்கக் கொடுத்த இடத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர். "ஒரு ஹூக் பெட்டி முடிஞ்சாலும் புறக்கோட்டைக்கு ஆள் அனுப்போணும் அண்ணை, அரை நாள் போயிடும்" என்றார். மறுநாளிலிருந்து காலி வீதிக்கு இரு பக்கமும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தேன். வீட்டு முன்னறையில் தைப்பவர்கள், மாடியில் நாலு மெஷின் போட்டவர்கள் என்று கொப்பியில் குறித்த தையல்காரர்கள் இருபதைத் தாண்டினார்கள். தையல் சாமான் விற்கும் கடைகளும் உண்டுதான். ஆனால் அவை வீட்டுப் பெண்களுக்குச் சில்லறை விற்பவை, தையல்காரருக்கு மொத்த விலை தருபவை அல்ல. வெவ்வேறு நேரங்களில் ஒரே இடத்தில் நின்று ஆட்களை எண்ணினேன். புறக்கோட்டை மாலை ஆறு மணிக்கு அடங்கும்போது இங்கே அப்போதுதான் பெண்கள் தொடர்மாடிகளிலிருந்து இறங்கி வருகிறார்கள்.

இன்னொன்றையும் கணக்கில் எடுத்தேன், மறைப்பதற்கில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் நம்மவர் கடைப்பக்கம் பலர் வராமல் விட்ட மாதங்களை நாம் மறக்கவில்லை. வெள்ளவத்தைக்கும் 1983 ஜூலையின் நினைவு இருக்கிறது. எனவே அங்குள்ள பழைய கடைக்காரர்கள் சிலரிடம் நேரடியாகவே கேட்டேன், முஸ்லிம் ஒருவர் இங்கே கடை திறந்தால் தமிழ்ப் பெண்கள் வருவார்களா என்று. "சாமான் நல்லதெண்டால் ஏன் வரமாட்டினம்?" என்றார் மளிகைக்காரர். அவர் கடையில் அப்போது நின்ற ஐந்து பேரில் மூவர் நம்மவர்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுவாரம் புறக்கோட்டை மாடிக்கு நன்றி சொல்லிவிட்டேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், நிலத்தளத்தில், கிழக்குப் பார்த்த ஒரு சிறு கடை. ஆறு மாத வாடகை முற்பணம், இரண்டு வருட ஒப்பந்தம், எழுத்தில், சாட்சியோடு. மிச்ச முதல் சரக்கில் இருக்கிறது. காலை பத்துக்குத் திறந்து இரவு எட்டரைக்கு மூடுகிறோம், மஃரிபுக்கு மகன் போய்வரும்வரை நான் நிற்கிறேன், அவன் வந்ததும் நான் போகிறேன். செவ்வாயும் வியாழனும் காலையில் புறக்கோட்டைக்குப் போய்ப் பழைய தெருவில் சரக்கு எடுக்கிறேன். என்னைக் கண்டதும் ப்ளேன்டீ சொல்கிறார்கள். விலையில் மட்டும் ஒரு சதமும் குறைப்பதில்லை.