நூதனசாலை உலா – 9: மதகில் கிடந்த தமிழ்

கண்டி மன்னரின் சிம்மாசனத்தை ஒல்லாந்தர் 1693இல் கொடுத்ததும், அது 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்ததும் முந்திய வாரக் கதை. இந்த வாரம் பொலன்னறுவை வெண்கலங்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் காலிக் கல்வெட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கினேன். அது பக்கம் முழுவதையும் கேட்கிறது.

1911ஆம் ஆண்டு காலி நகரில் டோமலின் என்ற எந்திரவியலாளர் கண்ணில் பட்டபோது, இந்தக் கல் ஒரு மதகின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்தது. அதன் மேல் எத்தனை மாட்டுவண்டிகள் உருண்டு போயினவோ! ஏறத்தாழ ஐந்தடி உயரம், இரண்டரையடி அகலம். உச்சியில் இரண்டு சீன நாகங்கள். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். பாரசீகப் பகுதிதான் மிகவும் தேய்ந்துவிட்டது.

சீனப் பேரரசர் யொங்லோவின் பெயரில், கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் இது. சீன வாசகம் புத்தரை வணங்குகிறது. தமிழ் வாசகம் தேனாவரை நாயனாரை, அதாவது தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த திருமாலை வணங்குகிறது. பாரசீகம் அல்லாஹ்வைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியலைப் பாருங்கள்: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு 100 சுருள், வாசனை எண்ணெய் 2500 கட்டி நிறை, இன்னும் விளக்குகள், தூபக்கால்கள். மூன்று சந்நிதிக்கும் ஏறக்குறைய ஒரே சீர்வரிசை! எந்தத் தெய்வத்துக்கும் குறை வைக்கவில்லை. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தூங்கவிடாத செய்தி இனித்தான். சீன வாசகத்தின் தேதி 1409 பெப்ரவரி. கப்பல்கள் இலங்கைக்கு வருமுன்பே, நாஞ்சிங்கில் வெட்டப்பட்ட கல் இது. அப்படியானால் அந்த நகரில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்திருக்க வேண்டும். யார் அவர்? நாகப்பட்டினத்து வணிகரா, கப்பலோடு போன துபாஷியா? பெயர் கல்லில் இல்லை. ஆனால் அவருக்கு முன்னோர் உண்டு. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இலேயே தமிழர் ஒரு சிவன் கோயில் எழுப்பி, குப்ளாய் கானின் நலம் வேண்டித் தமிழில் கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள். இந்துமாக் கடலில் வணிகம் செய்ய வருகிறவருக்குத் தமிழ் தேவைப்பட்ட காலம் அது. நம் பாடசாலைப் பிள்ளைகள் இதைப் படிக்காமல் வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லில் காணிக்கை இருந்தாலும் கரையில் போர்தான் மூண்டது. 1411இல் செங் ஹே இங்குள்ள ஆட்சியாளன் அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனார். நாயனார் கோயிலையோ 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். காணிக்கைப் பொருள்கள் போன இடம் தெரியாது, பட்டியல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கல் நிற்கும் கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேசாதிபதி கிரகரி காலத்தில், 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட இந்தக் கொழும்பு நூதனசாலையைக் கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற கொந்தராத்துக்காரர். என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்றாராம். அந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், கல்லின் இடப்பக்க மேற்பகுதியை அவர்களுக்குக் காட்டுங்கள். சில எழுத்துகளையாவது கண்டுபிடிப்பார்கள்.

வெண்கலங்கள் அடுத்த வாரம். பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் 1907, 1908 அகழ்வுகளில் கிடைத்த நடராசர், சேர். பொன். அருணாசலம் அவற்றைப் பற்றி எழுதியது, எலும்பும் தோலுமாய்த் தாளமிடும் காரைக்காலம்மையார், எல்லாவற்றையும் பார்ப்போம். அம்மையாரிலிருந்தே தொடங்குகிறேன்.