யாருடைய பேனை இது? முள்ளிவாய்க்காலில் ஒரு பழைய பேனையைப் படம் எடுத்த கதை

"தம்பி, இது அவற்ற பேனைதான் எண்டு படத்தில காட்ட ஏலுமோ?"

முள்ளிவாய்க்காலில் ஒரு வீட்டு விறாந்தை. அந்த அம்மா பிஸ்கற் ரின் ஒன்றைத் திறந்து, பழைய சீலைத்துண்டில் சுற்றியிருந்த ஊற்றுப்பேனையை எடுத்து என் கையில் வைத்துவிட்டுத்தான் இப்படிக் கேட்டார். கறுப்பு உடல், புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்த வெள்ளி நிற மூடி. மூடியின் இடுக்கில் இன்னும் மணல் இருந்தது.

மீளக்குடியேறிய பிறகு மலசலகூடத்துக்குக் குழி வெட்டியபோது வளவுக்குள் கிடைத்ததாம். சங்கக்கடையில் கணக்கு எழுதிய அவரது கணவரிடம் இதே மாதிரி ஒரு பேனை இருந்தது. 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பக்கம் போன சனத்துக்குள் கணவரைத் தவறவிட்டவர், அதன்பிறகு அவரைக் காணவில்லை. சொந்த வளவுக்குள் கிடைத்த பேனை என்பதால் அது அவருடையது என்றே இத்தனை வருடங்களாக வைத்திருக்கிறார்.

ஆனால் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்தில், அந்தக் கடைசி வாரங்களில், எந்த வளவும் ஒரு குடும்பத்தின் வளவாக இருக்கவில்லை. "எங்கட வளவுக்குள்ள எத்தினை தரப்பாள் கிடந்தது எண்டு எனக்கே தெரியாது" என்று அவரே சொன்னார்.

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, செம்மணி மனிதப் புதைகுழியில் மீட்கப்பட்ட பொருட்கள் நீதிமன்ற உத்தரவின்படி அடையாளம் காண்பதற்காக மக்களுக்குக் காட்டப்பட்டன. அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "அதில வைச்சிருந்த ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு ஆளின்ர. அப்ப இதுவும் ஆரோ ஒராளின்ர தானே, தம்பி."

நான் போனதற்குக் காரணம் எளிமையானது. சுயாதீன ஊடகவியலில் வரும் வருமானம் போதாததால், பழைய ஊற்றுப்பேனைகளைச் சேகரிப்பவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் வேலையும் செய்கிறேன். இதை அறிந்த நண்பர் ஒருவர்தான் அந்த அம்மாவிடம் என்னை அனுப்பினார். பேனையைப் படம் எடுக்க எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் போனேன். எனக்குத் தெரிந்த முறை அங்கே உதவவில்லை.

விற்பனைக்கான படமும் அடையாளத்துக்கான படமும்

மெருகான பேனை ஒன்று வளைந்த கண்ணாடி போன்றது. யன்னல், மின்குமிழ், படம் எடுப்பவரின் சட்டை என எதிரே உள்ளதெல்லாம் அதில் விழும். இதைத் தவிர்க்க, ஒளியை ஒரு வெள்ளைத் துணியாலோ மெல்லிய தாளாலோ வடிகட்டிப் பரந்த மென்மையான ஒளியாக்குவோம். அப்போது பேனையின் நீளத்துக்கு ஒரு சீரான வெள்ளைக் கோடு மட்டும் விழும். உடல் உருண்டையாக, பளபளப்பாகத் தெரியும்.

அதே மென்மையான ஒளிதான் நுண்ணிய கீறல்களை மறைத்தும் விடுகிறது. விற்பவருக்கு அது வசதி. பழைய பேனைகளில் விலையைத் தீர்மானிப்பது தயாரிப்பு, வயது, சேதமில்லாத நிலை ஆகியவைதான். 1941இல் சந்தைக்கு வந்த பார்க்கர் 51 போன்ற ஒரு பேனை கீறலில்லாமல் கிடைத்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

அம்மா தந்தது பார்க்கர் அல்ல, சீனாவில் தயாரான ஹீரோ. நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி மூடிய முகப்பு, உலோக மூடி எனப் பார்வைக்குப் பார்க்கர் 51ஐ ஒத்த, விலை குறைந்த பேனை. பள்ளிக்கூடங்களிலும் கந்தோர்களிலும் எத்தனையோ சட்டைப் பைகளில் இருந்தது. சேகரிப்பாளர் ஒருவர் இதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். எங்களுக்கு இருந்த சிக்கலும் அதுதான். ஒரே அச்சில் வார்த்த பல்லாயிரம் பேனைகளில் இது எவருடையது என்பதை நிறுவனத்தின் பெயரோ மாதிரியின் இலக்கமோ சொல்லாது.

சொல்லக்கூடியது பாவனையின் அடையாளம் மட்டுமே. நீண்ட காலம் எழுதிய நிப்பின் நுனி, எழுதியவர் பேனையைப் பிடித்த சரிவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். யோசிக்கும்போது கடிக்கிற பழக்கம் இருந்தால் பின்முனையில் பல் தடம் இருக்கும். சட்டைப் பையில் செருகிச் செருகிக் கொக்கி நெகிழ்ந்திருக்கும். உள்ளே காய்ந்த மை நீலமா, கறுப்பா, ஆசிரியர்கள் பாவிக்கும் சிவப்பா என்பதும் ஒரு தகவல். விற்பனைப் படத்தில் நான் மறைக்கப் பழகிய எல்லாவற்றையும் இங்கே காட்ட வேண்டியிருந்தது.

சாய்ந்த ஒளியில் தெரிந்தது

முதலில் வழக்கம்போல யன்னலோரம் வைத்து எடுத்தேன். நல்ல படங்கள்தான். அவற்றில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு கதவையும் யன்னலையும் சாத்திவிட்டு, அம்மாவின் மகளிடம் அவரது கைத்தொலைபேசியின் ரோர்ச்சைப் போடச் சொன்னேன். அதைப் பேனைக்கு மேலே பிடிக்காமல், மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, ஒளி பேனையின் உடலை உரசிப் போகும்படி பிடித்தோம். தொல்லியலாளர்கள் தேய்ந்த கல்வெட்டைப் படிக்கவும் இதே முறையைப் பயன்படுத்துவதுண்டு. நேராக விழும் ஒளி பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். பக்கவாட்டில் விழும் ஒளியில் ஒவ்வொரு கீறலின் ஒரு கரை மின்னும், மறுகரை இருளும்.

பேனையைச் சிறிது சிறிதாக உருட்டி ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்தேன். பெரும்பாலானவற்றில் மணல் உராய்ந்த ஒழுங்கில்லாத கோடுகள். ஒரு பக்கத்தில் மட்டும் கோடுகள் வேறு மாதிரி இருந்தன. கவராயத்தின் கூர்முனையால் யாரோ பொறுமையாகக் கீறிய இரண்டு எழுத்துக்கள்.

படத்தைப் பெருப்பித்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். அவை அவரது கணவரின் பெயருக்கோ தகப்பன் பெயருக்கோ உரிய எழுத்துக்கள் அல்ல.

பேனைகள் கைமாறும். கடன் வாங்கியதாக இருக்கலாம், வேறொருவர் கொடுத்ததாகவும் இருக்கலாம். ஆகவே அந்த எழுத்துக்கள் எதையும் முடிவாக நிறுவவில்லை என்று சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "அப்ப இதைத் தேடுற ஆக்களும் எங்கையோ இருக்குங்கள்" என்றார்.

பொஸ்னியாவில் செய்தது

பொருட்களின் படங்களைக் கொண்டு காணாமற்போனவர்களைத் தேடுவது புதிதல்ல. பொஸ்னியாவில் 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்டவர்களின் புதைகுழிகள் தோண்டப்பட்டபோது கிடைத்த உடுப்புகளையும் உடைமைகளையும் படம் எடுத்து, சர்வதேச செஞ்சிலுவைக் குழு உறவினர்கள் புரட்டிப் பார்ப்பதற்கான புத்தகங்களாகத் தொகுத்தது. பின்னர் ஸியா காஃபிச் என்ற பொஸ்னியப் புகைப்படக் கலைஞர் கைக்கடிகாரம், திறப்பு, சீப்பு, மூக்குக்கண்ணாடி என அப்படியான பொருட்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அலங்காரமான ஒளியோ நாடகத்தனமோ அந்தப் படங்களில் இல்லை. ஒரு தாய் பார்த்தால் அடையாளம் காண வேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்டவை அவை.

அந்த அனுபவம் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. ஒரே மாதிரிச் சட்டையும் ஒரே மாதிரிக் கடிகாரமும் பலரிடம் இருக்கும். பொருளை மட்டும் நம்பி அடையாளம் கண்டால் பிழைக்கும். அங்கே 2001 முதல் மரபணுப் பரிசோதனையே அடையாளத்தை உறுதிசெய்யும் முதன்மை வழியாயிற்று. பொருளின் படம் எந்தக் குடும்பத்திடம் போய்க் கேட்பது என்பதற்கான தொடக்கம் மட்டுமே.

முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்களுக்கும் இது தூரத்துக் கதை அல்ல. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்காக நிலத்தை வெட்டியபோது ஒரு மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன.

வீட்டில் இருக்கும் பொருளைப் படம் எடுப்பதானால்

இப்படியான பொருட்கள் வன்னியில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. கடற்கரையோர உப்புக்காற்றில் இரும்பு தொடர்ந்து துருப்பிடிக்கும். வைத்திருப்பவர்களுக்கும் வயது போகிறது. விலைகூடிய கமரா தேவையில்லை, கைத்தொலைபேசி போதும்.

முதலாவது, பொருளைக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம். ஒட்டியிருக்கும் மணலும் காய்ந்த மையும் அதன் வரலாற்றின் பகுதி. வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையை வைத்தால் கமரா வெள்ளையைச் சமப்படுத்தப் பார்த்துப் பேனையை இருட்டாக்கிவிடும். சாம்பல் நிற மட்டை நல்லது. பக்கத்தில், அதே மட்டத்தில், ஓர் அடிமட்டத்தை வைத்தால் உண்மையான அளவு தெரியும்.

தொலைபேசியைப் பொருளுக்கு மிக அருகே கொண்டுபோனால் உருவம் கோணும். ஓரடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெருப்பித்து எடுங்கள். முழுப் பேனை, பிறகு கால் சுற்றாக உருட்டி நான்கு பக்கங்கள், மூடி கழற்றிய நிலை, நிப்பு, கொக்கி, இரு முனைகள் என எடுக்கலாம். மூடியின் விளிம்பை மறக்க வேண்டாம். தயாரிப்பின் பெயர் அங்கேதான் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வளவும் மென்மையான ஒளியில் எடுத்த பிறகு, இருட்டறையில் சாய்ந்த ஒளியில் இன்னொரு சுற்று.

படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி, எடுத்த திகதி போன்ற விபரங்களும் அழிந்துவிடும். மூலப்படத்தை ஆவணக் கோப்பாக அனுப்பி, இரண்டு இடங்களிலாவது சேமியுங்கள். ஆனால் மூலப்படத்தில் உங்கள் வீட்டின் அமைவிடமும் பதிந்திருக்கக்கூடும். பொதுவெளியில் போடும் பிரதியில் அது இருக்கக்கூடாது. ஏன் என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பொருள் எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்பதைப் படத்தோடு எழுதி வையுங்கள். பொருள் தேடி நிலத்தைக் கிண்ட வேண்டாம். வெடிக்காத வெடிபொருள் எங்கும் இருக்கலாம். எலும்பு போல ஏதும் கண்டால் ஒன்றையும் அசைக்காமல், நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிட்டு, நம்பகமான சட்டத்தரணி ஒருவரின் துணையோடு நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மறைத்து வைத்த ஒன்று

இந்தக் கட்டுரையோடு அந்தப் பேனையின் படம் இல்லை. நானும் அம்மாவும் கதைத்து எடுத்த முடிவு அது. பேனையின் மாதிரி, நிறம், கிடைத்த ஊர் ஆகியவற்றைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு எழுத்துக்கள் எவை, பேனையின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்பதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வெளியிட்டால், உரிமை கோரி வருபவர் தன் நினைவிலிருந்து சொல்கிறாரா, படத்தைப் பார்த்துச் சொல்கிறாரா என்று பிரித்தறிய முடியாது. ஏமாற்றுவதற்காகத்தான் வருவார்கள் என்பதில்லை. பதினாறு வருடங்களாகத் தேடுகிற மனம், பார்த்ததைத் தன்னுடையதாகவே நினைவுகொள்ளும். அந்த அம்மாவுக்கு நடந்ததும் அதுதானே.

புறப்படும்போது பேனையை அதே சீலைத்துண்டில் சுற்றி ரின்னுக்குள் வைத்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"அந்தப் படத்தில ஒண்டைப் பிறின்ற் எடுத்துத் தாங்கோ தம்பி. ஆரும் கேட்டு வந்தா நான் பேனையைக் குடுத்திடுவன். அவ்வளவு காலம் வைச்சிருந்தனான், எனக்கும் ஒண்டு இருக்கட்டும்."