பந்தைத் தலையால் முட்டுவதைத் தடை செய்ய வேண்டுமா?

மாலையானதும் எமது ஊர் மைதானங்களில் உதைபந்தாட்டம் தொடங்கிவிடும். இன்று ஆண் பிள்ளைகள் மட்டுமல்ல, பெண் பிள்ளைகளும் பாடசாலை அணிகளில் விளையாடுகிறார்கள். உயரத்தில் வரும் பந்தைப் பிள்ளை துள்ளி எழுந்து தலையால் முட்டும்போது சுற்றி நிற்போர் கைதட்டுகிறார்கள். பார்த்து நிற்கும் தாய்க்கும் பெருமைதான். ஆனால் அந்த முட்டு பிள்ளையின் மூளைக்கு என்ன செய்கிறது? இந்தக் கேள்வி இன்று பல நாடுகளில் கேட்கப்படுகிறது. அதை விடாமல் கேட்டவர்களுள் ஒரு விளையாட்டு வீரரின் மனைவியும் மகளும் முக்கியமானவர்கள்.

ஒரு குடும்பம் கேட்ட கேள்வி

இங்கிலாந்தின் வெஸ்ட் புரோம்விச் அல்பியன் கழகத்துக்காக விளையாடியவர் ஜெஃப் அஸ்டில். பந்தைத் தலையால் முட்டிக் கோல் போடுவதில் பெயர் பெற்றவர். 1968ஆம் ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியின் வெற்றிக் கோல் இவருடையது. 1970இல் மெக்சிக்கோவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிலும் இங்கிலாந்துக்காக ஆடினார்.

ஐம்பது வயதைக் கடந்த பின்னர் அவரை மறதிநோய் பற்றிக்கொண்டது. தான் ஒரு விளையாட்டு வீரனாக இருந்ததே தந்தைக்கு நினைவில்லாமல் போயிற்று என்று மகள் டோன் பின்னாளில் கூறினார். 2002 ஜனவரியில், 59 வயதில் அவர் காலமானார்.

அதே ஆண்டு நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தமது முடிவை அறிவித்தார். பந்தைத் திரும்பத் திரும்பத் தலையால் முட்டியதே மூளைப் பாதிப்புக்குக் காரணம். இது தொழிலால் வந்த நோயினால் ஏற்பட்ட மரணம் என்றார். சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சுக்கு நிலக்கரித் தூசு எப்படியோ, அஸ்டிலின் மூளைக்குப் பந்து அப்படியாயிற்று.

தீர்ப்பு வந்தும் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. மனைவி லொரெய்னும் மகள் டோனும் சும்மா இருக்கவில்லை. 2014இல் வைத்தியர் வில்லி ஸ்டூவர்ட் அஸ்டிலின் மூளையை மறுபடி பரிசோதித்தார். குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் அதே வகைப் பாதிப்பு அதில் இருப்பதை உறுதிப்படுத்தினார். தீர்ப்பிலிருந்து அதுவரை பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. தம்மவருக்கு என்ன நடந்தது என்ற உண்மைக்காகக் காத்திருப்பதன் வலி எம்மில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மண்டையோட்டுக்குள் நடப்பது என்ன?

மூளை மிகவும் மென்மையானது. மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதப்பது போல இருக்கிறது. வேகமாக வரும் பந்து தலையில் படும்போது மூளை உள்ளே குலுங்குகிறது. ஒரு முட்டினால் எதுவும் தெரியாது. மயக்கமோ வலியோ இல்லாமலும் இருக்கலாம். ஆனால் போட்டியிலும், அதைவிட அதிகமாகப் பயிற்சியிலும், ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான முட்டுகள் சேர்கின்றன. அவற்றின் விளைவு பல ஆண்டுகள் கழித்தே வெளியில் தெரிய வரலாம்.

முற்காலத் தோல் பந்து மழையில் நனைந்து பாரமாகும், இப்போதைய பந்து இலேசானது, ஆகவே ஆபத்தில்லை என்று சிலர் சொல்வதுண்டு. இது சரியல்ல. நனையாத பந்தின் நிறை அன்றும் இன்றும் 410 முதல் 450 கிராம் வரைதான். இன்றைய பந்து நனைந்து பாரமாவதில்லை என்பது உண்மை. ஆனால் அது வேகமாகப் பறந்து வருகிறது.

ஆய்வுகள் சொல்வது

2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வைத்தியர் ஸ்டூவர்ட் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் விபரங்களைப் பொதுமக்களின் விபரங்களோடு ஒப்பிட்டனர். மறதிநோய் போன்ற மூளை நோய்களால் இறக்கும் வாய்ப்பு வீரர்களுக்கு மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. 2021இல் இதே குழு இன்னொன்றையும் கண்டது. பந்தை அதிகம் முட்டும் பின்கள வீரர்களுக்கே ஆபத்து மிக அதிகம். பந்தைக் கையால் பிடிக்கும் கோல் காப்பாளர்களுக்கோ பொதுமக்களை விடக் குறிப்பிடத்தக்க அளவு ஆபத்து அதிகமில்லை.

பெண் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் அறிய வேண்டிய செய்தியும் உண்டு. 2018இல் நியூயோர்க்கில் 49 ஆண்களையும் 49 பெண்களையும் பரிசோதித்தபோது, ஏறக்குறைய ஒரே அளவு முட்டியிருந்தும் பெண்களின் மூளையில் மாற்றங்கள் கூடுதலாகக் காணப்பட்டன. பெண்களின் கழுத்துத் தசைகள் ஆண்களுடையதைப் போல வலுவாக இல்லாமை இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

தடை வேண்டுமா?

தலையால் முட்டுவது இந்த விளையாட்டின் அழகுகளுள் ஒன்று, அதை எடுத்துவிட்டால் விளையாட்டே மாறிவிடும் என்பது ஒரு சாராரின் வாதம். தலையும் தலையும் மோதுவதால் வரும் காயங்களே கூடுதல் ஆபத்து என்றும் சொல்கிறார்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. மேலும் 2019 ஆய்வின்படி, முன்னாள் வீரர்கள் இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பது பொதுமக்களைவிடக் குறைவு. ஓடி ஆடுவது உடலுக்கு நல்லது என்பதையே இது காட்டுகிறது.

ஆகவே வளர்ந்தவர்களுக்கு முழுத் தடை வேண்டுமா என்பது இன்னும் விவாதத்துக்கு உரியது. ஆபத்தை அறிந்த பின் தமக்கு வேண்டியதைத் தெரிவு செய்ய அவர்களால் முடியும். பத்து வயதுப் பிள்ளையால் அது முடியுமா? பயிற்றுநர் முட்டு என்றால் பிள்ளை முட்டும். அதனால் சிறுவர்களுக்குத் தடை அவசியம் என்பதே எமது கருத்து.

இது நடக்க முடியாத காரியமல்ல. ஐக்கிய அமெரிக்காவின் உதைபந்தாட்டச் சம்மேளனம் பத்து வயதும் அதற்குக் குறைந்தவர்களும் தலையால் முட்டுவதை 2015இல் தடை செய்தது. 2020இல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியன ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் இதை நிறுத்தின. 2024 முதல் இங்கிலாந்தில் சிறுவர் போட்டிகளிலிருந்தும் இது படிப்படியாக நீக்கப்படுகிறது. வளர்ந்தவர்கள் பயிற்சியில் வாரத்துக்கு பத்துக்கு மேல் பலமான முட்டுகள் முட்டக்கூடாது என்ற வழிகாட்டலும் 2021இல் அங்கு வந்தது.

தாய்மார் கவனத்துக்கு

இதைப் படித்துவிட்டு, 'இனி நீ மைதானத்துக்குப் போக வேண்டாம்' என்று பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, வீட்டில் மறித்து வைக்காதீர்கள். விளையாட்டு கெட்டதல்ல. நாம் செய்யக்கூடியவை வேறு.

பயிற்றுநரிடம் சென்று பேசுங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பந்தைக் காலால் கட்டுப்படுத்தவும் நிலத்தோடு கொடுத்து வாங்கவும் பழக்கும்படி கேளுங்கள். பந்தை எறிந்து எறிந்து தலையால் முட்டப் பழக்கும் பயிற்சி அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளையை அன்று மீண்டும் விளையாட விடக்கூடாது. தலையிடி, வாந்தி, தலைச்சுற்று, தடுமாற்றம், குழப்பமான பேச்சு, வழமைக்கு மாறான தூக்கம், நினைவிழத்தல் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 'சின்ன அடிதானே, படுத்தெழும்பினால் சரியாகிவிடும்' என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்வி கேட்டால் பயிற்றுநர் கோபிப்பாரோ என்று தயங்க வேண்டியதில்லை. லொரெய்னும் டோனும் கேட்டது ஒரு நாட்டின் முழு விளையாட்டுத் துறையையும் நோக்கி. நாம் கேட்பது எமது ஊர் மைதானத்தில், எமது பிள்ளைக்காக.