எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்குமா?

முழங்கால் தேய்ந்துவிட்டது என்று வைத்தியர் கூறும்போது, பெரும்பாலும் தேய்வு தொடங்கிப் பல வருஷங்கள் கடந்திருக்கும். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. ஆகவே, சேதமுறுங்கால் அது வலியால் எச்சரிப்பதில்லை. சேதமுற்றபின் எளிதில் ஆறுவதுமில்லை. அழிந்த குருத்தெலும்பு மீளாது என்பதை லண்டனில் வில்லியம் ஹண்டர் என்னும் வைத்தியர் 1743-லேயே எடுத்துரைத்தார்.

மனிதனிடத்தில் இந்நோயின் முதல் நாளை அறிவது அரிது. அதனாலேயே விஞ்ஞானிகள் பிராணிகளை நாடினர். நாயின் முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நாரொன்றை அறுத்து, நிலைகுலைந்த மூட்டில் நேரும் மாறுதல்களைக் கவனிக்கும் முறையொன்றை பாண்ட், நூக்கி என்ற இருவர் 1973-ல் வெளியிட்டனர். இத்தகைய பரிசோதனைகளால் தெரியவந்தது யாது? குருத்தெலும்பு உடனே மெலிந்துவிடுவதில்லை. முதலில் நீரை ஈர்த்து உப்புகிறது, தடித்தும் தோன்றுகிறது. அதன் உயிரணுக்கள் இழந்ததை ஈடுசெய்யப் பாடுபடுகின்றன. அம்முயற்சி தோற்ற பின்னரே தேய்வு மிகுகிறது. வளர்ச்சிபோல் தோன்றியது வீழ்ச்சியின் தொடக்கமே!

2005-ல் மற்றொரு செய்தி வந்தது. குருத்தெலும்பின் சத்தைச் சிதைக்கும் 'ஆடம்ட்ஸ்-5' என்ற என்ஸைம் செயல்படாதவாறு பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளின் மூட்டை நிலைகுலையச் செய்தபோதும், அவற்றின் குருத்தெலும்பு பெரிதும் காக்கப்பட்டது. அந்த என்ஸைமைத் தடுக்கும் மருந்து பின்னர் மனிதரிடம் பரீட்சிக்கப்பட்டது. 900-க்கும் அதிகமான நோயாளிகள்; 52 வார காலம். 2020-ல் முடிவு வெளியாயிற்று: குருத்தெலும்பின் தேய்வை அது தடுக்கவில்லை.

இதனால் பிராணிப் பரிசோதனை வீண் என்று கொள்ளலாமோ? கூடாது. நோய் நடக்கும் வழியை நமக்குக் காட்டியது அதுவே. ஆனால் கத்தியால் ஒரே நாளில் நிலைகுலைக்கப்பட்ட சுண்டெலியின் மூட்டு வேறு; முதுமை, உடற்பருமன், பழைய காயம் முதலியவற்றால் பல்லாண்டுகள் நலிந்த மனிதனின் மூட்டு வேறு. வழியை அறிவது ஒன்று; மருந்தைக் கண்டடைவது மற்றொன்று.

இவ்வேற்றுமையை மறைத்தே போலி விளம்பரங்கள் பிழைக்கின்றன. மனிதரிடம் இத்தேய்வைத் தடுத்து நிறுத்துவதாக நிரூபிக்கப்பட்டு, அதற்கென அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றுவரை இல்லை. தேகப்பயிற்சியும், மிகுந்த எடையைக் குறைத்தலும் வலியைத் தணிக்கும் என்பது மெய். 'மூட்டை வளர்க்கும் மருந்து' என்று எவரேனும் கூவினால், எலியிடமா, மனிதனிடமா என்று கேளுங்கள். ஏழையின் பணப்பையைக் காக்க அவ்வொரு கேள்வி பெரிதும் உதவும்.